எட்டாம் நம்பர் கறுப்பு ஷூ

அத்தியாயம் 14

ஷூ ஸ்டாண்டின் மேல்தட்டில் இரண்டு ஷூ அளவுக்கு வெற்றிடம். போன வாரம் லாண்டரியம்மாவை அந்த வெற்றிடத்துக்கு முன்னால், இடுப்பில் கைவைத்தபடி நிற்கவைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். கால் வலிக்கும். போய்ப் பார்த்துவிடுவோம்.

கால் வலிப்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்பது பதினோரு வாரத்துக்கு முன்னால்வரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன், இடையில் வந்து உட்கார்ந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைச் சுரண்ட வேண்டாம்.

லாண்டரியம்மாவின் வீட்டுக்காரருக்கு முப்பத்தொரு வருஷமாகச் செருப்புக் கடையில் விற்பனை வேலை. உள்ளே நுழைகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். "ஏழு. வலது கால் கொஞ்சம் அகலம்" என்பார். அளந்தால் ஏழுதான் இருக்கும், வலது கால் கொஞ்சம் அகலமாகவும் இருக்கும். பெயர் மறந்துபோனால் நம்பரை வைத்தே ஆளைச் சொல்வார். "அந்த ஆறரை வந்திருந்தாரே, பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சாம்" என்று.

பதிலுக்குத் தெரு அவருக்கு எட்டாம் நம்பர் என்று பெயர் வைத்தது. கல்யாணத்தன்றும் எட்டு, இன்றைக்கும் எட்டு என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட. தொப்பை மூன்று தடவை நம்பர் மாறியதைப் பற்றிப் பேச மாட்டார்.

சர்க்கரை வந்து பதினாறு வருஷம். மாத்திரையும் தவறாமல் போடுவார், ஞாபகம் வந்த நாட்களில். ஊரார் காலையெல்லாம் மடியில் தூக்கிவைத்துப் பார்த்த மனிதர் தன் காலை ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. இடது பெருவிரலுக்கு அடியில் தோல் தடித்து, தடித்த தோலுக்குள் புண் வைத்து, அது வாய் திறந்து மூன்று வாரம் ஆனதும் அவருக்குத் தெரியாது. சர்க்கரையில் உணர்ச்சி மரத்துப்போன கால், வலித்தால்தானே தெரிவதற்கு?

சரி, அவரை விடுங்கள். லாண்டரியம்மாவுக்கு என்ன கேடு? காலரைப் பார்த்து யார் தலைக்குச் சாயம் பூசுகிறார் என்று சொல்கிறவள், பாக்கெட் ஓட்டையைப் பார்த்து யார் சிகரெட்டை விடவில்லை என்று சொல்கிறவள். வீட்டுக்காரர் சாக்ஸின் நுனியில் பழுப்பாக ஒரு கறையைப் பார்த்தாள். செருப்புக் கடைக்காரர் சாக்ஸ், வேறென்ன, பிரவுன் பாலிஷ்தான் என்று ஊறவைத்தாள், தேய்த்தாள், அலசினாள். மூன்று வாரம் அப்படியே. அவர் போடுவது கறுப்பு ஷூவாயிற்றே, அதற்குள் பிரவுன் பாலிஷ் எப்படிப் புகுந்தது என்று ஒரு தரமாவது கேட்டுக்கொண்டாளா? இல்லை. தெருவுக்கெல்லாம் கறையைப் படித்துச் சொல்கிறவள் வீட்டுக் கறையில் எழுத்துப்பிழை விட்டாள். பதினோரு வாரமாக அது அவள் தொண்டையில் முள்.

அந்தக் கறுப்பு ஷூதான் இப்போது காணோம். இருபத்தைந்து வருஷச் சேவைக்காகக் கடையில் கொடுத்தது. தூக்கிப் போடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். "பரிசுப் பொருள்" என்று ஒற்றைக்காலில் நின்று ஸ்டாண்டிலேயே வைத்துக்கொண்டார். அப்போது அவர் நிஜமாகவே ஒற்றைக்காலில்தான் நின்றுகொண்டிருந்தார். இடது காலுக்கு முழங்கால் உயரத்துக்கு ஒரு பூட்ஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். புண்ணின் மேல் பாரம் விழாமல் இருக்க. பார்த்தால் நிலாவில் இறங்கப்போகிறவர் மாதிரி இருப்பார், இறங்குவது என்னவோ குளியலறையில்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு கிளினிக். போன தடவை புண் அரிசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூடிவிட்டால் விரல் பிழைத்தது. "திரும்பத் திறந்தா, அடுத்தது விரலை எடுக்கறதைப் பத்தித்தான் பேசணும்" என்று டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட காலையில் ஷூ காணாமல் போனால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்?

"என்னங்க, கறுப்பு ஷூ எங்க?"

"எந்தக் கறுப்பு ஷூ?"

இந்த மனிதருக்கு ஒரு வியாதி உண்டு. தப்பே செய்யாதபோதும் முகம் திருடன் முகமாக மாறிவிடும். அதற்கு இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை.

"வீட்டுல என்ன நாப்பது ஜோடியா இருக்கு? பரிசுப் பொருள்."

"அங்கதானே இருக்கும்."

"அங்க இருந்தா உங்களை ஏன் கேக்கப்போறேன்? செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் போன் பண்ணேன், எடுக்கலை."

"தூங்கிட்டேன்."

"நாலு மணிக்கும் பண்ணேன்."

"நல்லாத் தூங்கிட்டேன்."

லாண்டரியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்குப் படம் முழுசாக ஓடிவிட்டது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? இவள் லாண்டரியில் நிற்கிற நேரம் பார்த்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு கடைவரை ஒரு நடை போயிருக்கிறார். புண் மறுபடி கிழிந்திருக்கும். தடயத்தை எங்கேயோ பதுக்கிவிட்டார்.

தடயம் தேடுகிறவள் கதவுப் பிடியைப் பார்த்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை மழையிலிருந்து அங்கே அவளுடைய அண்ணனின் குடை தொங்குகிறது. ஆனால் அண்ணன் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறவர். அந்தக் குடையே யாருடையதோ. அதை யார் பெரிதாக நினைப்பார்கள்?

"உக்காருங்க. காலைக் குடுங்க."

தினம் காலையில் நடக்கும் சடங்கு இது. கடையில் அவர் உட்கார்ந்து பிறருக்குச் செருப்பு மாட்டிய குட்டை ஸ்டூல், முன்னால் சரிவாகக் கால் வைக்கும் பலகையோடு, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் அவள். நாற்காலியில் அவர். ஒரு கைக்கண்ணாடி, ஒரு டார்ச். முதலில் நல்ல காலின் விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம். அப்புறம் கட்டுப் போட்ட காலின் ஓரங்கள்.

"எவ்வளவு ராஜமரியாதை. கடையில நான் எத்தனை பேருக்குச் செஞ்சிருப்பேன், எனக்கு யாராவது செஞ்சாங்களா?"

"பேச்சை மாத்தாதீங்க. ஷூ எங்க?"

"தாயே, சத்தியமா எனக்குத் தெரியாது."

மகள் காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். டிரைவிங் பள்ளிக் கார் அது. கூரையில் மஞ்சள் பலகை, உள்ளே இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்து இருக்கையில் ஆசிரியருக்கு. இன்றைக்கு ஆசிரியர் ஓட்டுகிறாள். ஆசிரியர் இருக்கையில் அம்மா. காலுக்குக் கீழே பிரேக் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க லாண்டரியம்மா என்ன துறவியா?

"அம்மா, அதுல கால் வைக்காதே."

"நான் எங்க வெச்சேன்?"

கார் நட்டநடுத் தெருவில் நின்றது. பின்னால் ஒரு லாரி வாயாரத் திட்டிவிட்டுப் போனது.

"பூனை குறுக்க வந்துச்சு."

"பூனை சுவத்துமேல போச்சும்மா!"

பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த எட்டாம் நம்பர், "ரெண்டு பிரேக், ஒரு ஆக்சிலேட்டர். அசல் நம்ம வீடேதான்" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். லாண்டரியம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஷூ ஞாபகம் வந்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"மாமா காலையிலேயே போன் பண்ணாரு" என்றாள் மகள். "முடிஞ்ச உடனே தகவல் சொல்லணுமாம். ஆஸ்பத்திரின்னாலே அவருக்குப் பயம், அதான் கூட வரலையாம். நீங்களும் சுகர் பாத்துக்கிட்டு வரலாமே மாமான்னேன். எனக்கு பார்டர்லதான் இருக்குன்னு வெச்சுட்டாரு."

"பன்னெண்டு வருஷமா பார்டர்லயே நிக்குது" என்றார் எட்டாம் நம்பர். "எந்த நாட்டுச் சிப்பாயும் அவ்வளவு காலம் நின்னதில்லை."

லாண்டரியம்மாவின் அண்ணனைத் தெருவில் ரேடியோ என்பார்கள். இன்ஷூரன்ஸ் முகவர். வீடு வீடாக நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் ஒலிபரப்புவார். நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று கட்டிய மனைவிக்கே தெரியாது.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் இரண்டு வரிசை நாற்காலிகள். வழக்கமாக எட்டாம் நம்பர் உட்கார்ந்ததும் எதிர்வரிசையைக் கடைக்கண்ணால் அளப்பார். "ஒன்பது. ஆறு. அந்தம்மா அஞ்சரை, ஆனா ஆறு போட்டிருக்காங்க" என்று மனைவி காதில் ஓதுவார்.

போன மாதம் அதே எதிர்வரிசையில் ஒரு பத்தாம் நம்பர் பழக்கமாகியிருந்தார். தச்சு வேலை செய்கிறவர். வெறுங்காலோடு பட்டறையில் நடந்து, ஆணி ஏறியது தெரியாமல் இரண்டு நாள் வேலை பார்த்தவர். இன்றைக்கும் வந்திருந்தார், சக்கர நாற்காலியில். வலது காலில் ஷூ இருந்தது. இடது பக்கம் கால்சட்டை மடித்துக் குத்தியிருந்தது.

"வாங்க, எட்டு" என்று அவர்தான் முதலில் சிரித்தார். "இனிமே எனக்கு ஒத்தை ஷூ போதும். உங்க கடையில பாதி விலைக்குத் தருவாங்களா?"

எட்டாம் நம்பர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அந்த அறையில் யார் கால் நம்பரையும் அவர் சொல்லவில்லை. லாண்டரியம்மா தன் கைப்பையின் கைப்பிடியைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

கட்டுப் பிரிக்கும் அறையின் ராணி ஒரு சிஸ்டர். நறுக்கென்று நாலு வார்த்தை பேசுவார், மூன்று திட்டாக இருக்கும். அவர் கையுறை மாட்டி முடிப்பதற்குள் லாண்டரியம்மா புகாரைக் கொட்டிவிட்டாள்.

"சிஸ்டர், நான் மறைக்க விரும்பலை. இவரு பூட்ஸைக் கழட்டிட்டு பழைய ஷூவைப் போட்டுக்கிட்டு ஊர் சுத்தியிருக்காரு. ஷூவைக் காணோம். கேட்டா தூங்கினேங்கறாரு."

"அம்மா!" என்றாள் மகள்.

"சிஸ்டர், நான்..." என்ற எட்டாம் நம்பரின் முகம் வழக்கம்போலத் திருடன் முகமாக மாறிவிட்டது.

சிஸ்டர் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. கால் சொல்லட்டும்."

கட்டு ஒரு சுற்று பிரிந்தது. இன்னொரு சுற்று. கடைசியாக ஒரு சதுரத் துணி. அதைப் பிரிக்கும்போது லாண்டரியம்மாவின் கண் காலுக்குப் போகவில்லை, துணிக்குப் போனது. தொழில் புத்தி. துணி வெள்ளையாக இருந்தது. ஓரம் வெள்ளை, நடு வெள்ளை. ஒரு புள்ளி இல்லை. வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் துணியை வெளுத்திருக்கிறாள், இப்படி ஒரு வெள்ளையை அவள் பார்த்ததில்லை.

சிஸ்டர் விளக்கை இழுத்து, குனிந்து, விரலால் மெல்ல அழுத்தினார். டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"மூடிடுச்சு" என்றார்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. மகள் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். லாண்டரியம்மா நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தாள், நல்லவேளை இருந்தது.

"அப்ப இவரு ஊர் சுத்தலையா?"

"சுத்தியிருந்தா இது மூடியிருக்காதும்மா" என்றார் சிஸ்டர். "சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஆளு இந்த வருஷத்துல இவர்தான் ரெண்டாவது."

எட்டாம் நம்பர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். திருடன் முகம் போய் மகாத்மா முகம் வந்திருந்தது. "பரவால்ல. பழி சொல்றவங்க சொல்லட்டும். நான் மன்னிச்சுட்டேன்."

"ரொம்ப அலட்டிக்காதீங்க" என்றாள் லாண்டரியம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"யாரும் அலட்டிக்க வேணாம்" என்றார் சிஸ்டர். "மூடின புண்ணுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. பத்துப் பேர்ல நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வருது. தினம் கால் பாக்கறதை நிறுத்தக்கூடாது. வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் கூடாது. புது ஷூ வர்ற வரைக்கும் இந்தப் பூட்ஸ்தான். கண்ணை மூடுங்க சார். நல்ல காலைக் குடுங்க."

ஒரு குச்சி நுனியில் நைலான் இழை. அது காலில் படும்போது ஆமாம் என்று சொல்ல வேண்டும். எட்டாம் நம்பர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஆமா" என்றார்.

சிஸ்டர் மகளைப் பார்த்தார்.

"ஆமா. ம்... ஆமா."

"சார், நான் இன்னும் தொடவே இல்லை."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். முப்பத்தொரு வருஷமாக வாடிக்கையாளருக்கு ஆமாம் போட்ட நாக்கு, நைலான் இழைக்கா காத்திருக்கும்? சிஸ்டர் அப்புறம் நிஜமாகவே தொட்டார். பத்து இடத்தில் நாலுக்குத்தான் பதில் வந்தது.

"புது ஷூவுக்கு எழுதணும். நம்பர் என்ன?"

"எட்டு" என்றார், மூச்சு விடாமல்.

"அளந்துடலாம்."

"சிஸ்டர், நான் இந்தத் தொழில்லதான் முப்பத்தொரு வருஷமா..."

சிஸ்டர் அளவுப் பலகையைக் கீழே வைத்தார். அவர் கடையில் இருப்பது போலவே ஒன்று. எட்டாம் நம்பர் மகளைப் பிடித்துக்கொண்டு நின்று, நல்ல காலை அதில் வைத்தார். சிஸ்டர் நகரும் கட்டையைத் தள்ளிக்கொண்டே வந்தார். எட்டில் நிற்கவில்லை. எட்டரையில் நிற்கவில்லை.

"ஒன்பதரை."

எட்டாம் நம்பர் குனிந்து பார்த்தார். பலகையைத் திருப்பிப் பார்த்தார். தன் ஊர், பெயர், பட்டம் எல்லாம் பறிபோன ராஜா மாதிரி நிமிர்ந்தார்.

"பலகை தப்பா இருக்கும்."

"பலகைக்கு சுகர் இல்லை சார்" என்றார் சிஸ்டர். "கால் வருஷத்துக்கு வருஷம் மாறும், விரல் மடங்கும், பாதம் பரவும். உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு சரியான அளவு ஷூ லூசா இருக்கற மாதிரி தோணும். இறுக்கிப் பிடிச்சாத்தான் போட்டிருக்கறதே தெரியும். ஆஹா, கச்சிதமா இருக்குன்னு அதையே போட்டுக்குவீங்க. அது அங்கயே அழுத்தி அழுத்தி, தோல் தடிச்சு, உள்ள புண்ணாகும். வலியும் இருக்காது. வலிக்கலைன்னு சந்தோஷமா வேற இருப்பீங்க." பேனாவை மூடினார். "முதல் வாரத்துலயே வந்திருந்தா மூணு வாரத்துல முடிஞ்சிருக்கும்."

லாண்டரியம்மா தரையைப் பார்த்தாள். அந்த வாரங்கள்தான் அவள் பாலிஷ் என்று தேய்த்த வாரங்கள்.

அவர் கை அவள் முழங்கை மேல் விழுந்தது. "என் கால் நம்பரே எனக்குத் தெரியலை. உனக்குக் கறை தெரியலைன்னா என்ன இப்ப? ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப்போச்சு" என்றார், சிஸ்டருக்குக் கேட்காமல்.

வெளியே வரும்போது சக்கர நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "மூடிடுச்சா? சபாஷ் எட்டு!" என்று கை தட்டினார்.

"ஒன்பதரை" என்றார் இவர். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், இவரும் சிரித்தார்.

திரும்பும் வழியில் லாண்டரியம்மா ஒரு தரம்கூட பிரேக்கை மிதிக்கவில்லை. நிஜப் பூனையே குறுக்கே வந்தது, அப்போதும் மிதிக்கவில்லை. வண்டியிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணனிடம் சொல்லிவிட்டால் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் ஐந்து மணி. மேஜையில் மகள் வாங்கி வந்த கேக். சின்னது, ஆனால் அதை வைத்து நடந்த பேச்சுவார்த்தை பெரியது.

"ஒரு துண்டு."

"அரைத் துண்டு" என்றாள் லாண்டரியம்மா.

"என் விரல் பிறந்தநாள் இன்னிக்கு."

"அதனாலதான் அரை. இல்லன்னா கால்."

"காலைப் பத்திப் பேசாதே, ராசி இல்லை."

அரைத் துண்டை அவர் ஆறு வாயாகச் சாப்பிட்டார். லாண்டரியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவைக்கூட மறந்துவிட்டாள். எங்கே போனால் என்ன, ஒழிந்தது சனியன்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஆள் வருவதற்கு முன்னால் ஒலிபரப்பு வந்துவிட்டது.

"மாப்பிள்ளே! விரல் எத்தனை?"

"அஞ்சு மச்சான்!"

"எண்ணிப் பாத்தீங்களா? எல்லாம் அவங்கவங்க இடத்துலதான் இருக்காங்களா?"

ரேடியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தங்கையின் கன்னத்தைக் கிள்ளினார், மருமகள் தலையைக் கலைத்தார், கேக்கில் பாதியை எடுத்தார், வாயில் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் ஆடவே ஆரம்பித்துவிட்டார். அறுபத்திரண்டு வயசு. டொக் டொக்கென்று தாளம், ஒரு சுற்று, ஒரு தட்டு. மகள் கைதட்டினாள். லாண்டரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பாத்து அண்ணே, கீழ்வீட்டுக்காரங்க வந்துடுவாங்க!"

"வரட்டும், ரெண்டு பாலிசி போட்டு அனுப்பறேன்!"

எட்டாம் நம்பர் மட்டும், பழக்கதோஷம், ஆடுகிறவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"மச்சான்... அது என் ஷூ."

மகள் போட்ட சிரிப்பில் கீழ்வீடு நிஜமாகவே குச்சியால் கூரையைத் தட்டியது.

"எடுத்தது நீதானாண்ணே? இவரை நான் சிஸ்டர் முன்னாடி என்ன பேச்சு பேசிட்டேன்!"

"கேட்டியா? கேட்டியா?" என்று எட்டாம் நம்பர் நாற்காலிக் கையைத் தட்டினார். "தூங்கினேன்னு சொன்னேனே, நம்பினியா?"

"என்னம்மா பண்றது? செவ்வாக்கிழமை மழையில செருப்பு வார் அறுந்துபோச்சு. வந்தேன், கதவு திறந்து கிடக்கு, மாப்பிள்ளை குறட்டை விடறாரு. எழுப்ப மனசு வரலை. ஸ்டாண்டுல இது சும்மாதானே கிடந்துச்சு? குடையை அடமானமா வெச்சுட்டுப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன்." ரேடியோ காலைத் தூக்கி ஷூவைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "நாலு நாளா இதுலதான் சுத்தறேன். என்ன ஷூ மாப்பிள்ளை! அளவெடுத்துத் தச்ச மாதிரி கச்சிதமா இருக்கு!"

எட்டாம் நம்பரின் கை நாற்காலிக் கை மேலேயே நின்றுவிட்டது.

"மச்சான், உங்க கால் ஒன்பது."

"எட்டு சரியா இருக்கே!"

"ஒன்பது. போன வருஷம் நான்தான் மாட்டிவிட்டேன்." இந்த முறை அவர் குரலில் கர்வம் எதுவும் இல்லை. பூட்ஸ் காலை ஊன்றி எழுந்து, குட்டை ஸ்டூலை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். "உக்காருங்க. காலைக் குடுங்க."

"அட, என்ன மாப்பிள்ளை, கடை ஞாபகம் வந்துடுச்சா?" ரேடியோ உட்கார்ந்து, ராஜா மாதிரி வலது காலைச் சரிவுப் பலகையில் வைத்தார்.

எட்டாம் நம்பர் முடிச்சை அவிழ்த்தார். ஷூ வரவில்லை. குதிகாலைப் பிடித்து, முப்பத்தொரு வருஷ லாவகத்தோடு ஒரு திருப்புத் திருப்பினார். வந்தது.

சாம்பல் நிறச் சாக்ஸ். சுண்டுவிரல் பக்கம் பழுப்பாக, ஒரு சின்னப் பொத்தான் அளவுக்கு.

ரேடியோவும் எட்டிப் பார்த்தார். "ஓ, இதுவா? பாலிஷ் ஒட்டியிருக்கும். நேத்திலேர்ந்து இருக்கு. செருப்புக் கடைக்காரர் ஷூ இல்லையா!" தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். "உன்கிட்டக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்துட மாட்டியா?"

லாண்டரியம்மா பக்கத்தில் வந்து குனிந்தாள். இந்த முறை ஊறவைக்கவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. படித்தாள்.

"கறுப்பு ஷூவுக்குள்ள பிரவுன் பாலிஷ் எப்படிண்ணே வரும்?"

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கிளினிக் ஆறு மணிவரை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஏன் எல்லாரும் என் காலையே பாக்கறீங்க?"

"மச்சான்" என்றார் எட்டாம் நம்பர், சாக்ஸின் விளிம்பில் விரல் வைத்தபடி. "வலிக்குதா?"

"சேச்சே, துளிகூட வலிக்கலை மாப்பிள்ளை" என்றார் ரேடியோ.

அதை அவர் ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.